திறக்க முடியாத சுருளை ஏஐ 'படித்தது' எப்படி? பழஞ்சுவடி ஆய்வை மாற்றும் டிஜிட்டல் கருவிகள்

பார்த்தா அடுப்புல கிடந்த கரிக்கட்டை மாதிரி இருக்கும். அழுத்திப் பிடிச்சா உதிர்ந்துடும். ஆனா அது ஒரு புத்தகம். கி.பி. 79-ல் இத்தாலியின் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது மண்ணுக்குள் புதைந்துபோன பாப்பிரஸ் சுருள். கிட்டத்தட்ட 2,000 ஆண்டுகளாக யாராலும் பிரித்துப் பார்க்க முடியாத அந்தச் சுருளுக்குள் இருக்கும் கிரேக்க வரிகளை, சுருளைத் திறக்காமலே இப்போது படித்திருக்கிறார்கள்.

"ஏஐ பழைய சுருளைப் படித்துவிட்டது" என்று இதை நீங்கள் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அது பாதி உண்மைதான். சுருளில் மை எங்கே இருக்கிறது என்று காட்டியது ஏஐ. அதைப் படித்தது மனிதர்கள். இது சின்ன வித்தியாசம் மாதிரி தெரியலாம். ஆனால் கணினி காட்டுவதை நம்பலாமா என்ற கேள்விக்கும், நம்ம ஊர் ஓலைச்சுவடிகள் அடுத்து என்ன ஆகும் என்ற கேள்விக்கும் இந்த வித்தியாசத்தில்தான் பதில் இருக்கிறது.

விவரமாகப் பார்ப்போம்.

எங்கே கிடைத்தன இந்தச் சுருள்கள்?

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்துக்கு அருகே ஹெர்குலேனியம் என்ற பழைய ரோமானிய ஊர் இருந்தது. வெசூவியஸ் வெடித்தபோது பாம்பேய் நகரத்தோடு சேர்ந்து இந்த ஊரும் அழிந்தது. பல மீட்டர் ஆழத்துக்கு எரிமலைப் படிவம் ஊரை மூடியது.

1750-ல் அங்கே தோண்டியபோது ஒரு பெரிய மாளிகை தென்பட்டது. ஜூலியஸ் சீசரின் மாமனார் குடும்பத்துக்குச் சொந்தமானதாக இருக்கலாம் என்று கருதப்படும் மாளிகை அது. 1752-ல் உள்ளே கருகிய உருளைகள் கிடைக்கத் தொடங்கின. முதலில் கரித்துண்டு என்றே நினைத்தார்கள். சிலவற்றைத் தூக்கி எறிந்ததாகவும் சொல்லப்படுகிறது. ஒன்றை உற்றுப் பார்த்தபோதுதான் எழுத்து தெரிந்தது.

கிரேக்க, ரோமானிய உலகத்திலிருந்து அப்படியே நமக்குக் கிடைத்திருக்கும் ஒரே பெரிய நூலகம் இதுதான். அந்தக் காலத்து மற்ற நூல்களில் பெரும்பாலானவை பிற்காலத்தில் கைமாறிக் கைமாறி பிரதி எடுக்கப்பட்டு வந்தவை. இங்கே இருப்பது அந்தக் காலத்து ஏடே.

எரிந்தும் எப்படி மிஞ்சியது?

நெருப்பில் போட்ட காகிதம் சாம்பலாகிவிடும். ஏன்னா எரிவதற்கு ஆக்சிஜன் இருக்கிறது. ஹெர்குலேனியத்தில் நடந்தது வேறு. கடும் வெப்பம் தாக்கியது, ஆனால் சுற்றிலும் எரிமலைப் படிவம் மூடிக்கொண்டதால் காற்று போகவில்லை. மரத்தை மண்மூட்டம் போட்டு கரியாக்குவது மாதிரி, சுருள்கள் சாம்பலாகாமல் கரியாகின. வடிவம் அப்படியே நின்றது. பாப்பிரஸ் தாள் சாதாரணமாக ஈரத்தில் மக்கிப்போகும். கரியானதால்தான் இத்தாலி போன்ற நாட்டில் இத்தனை காலம் மக்காமல் கிடந்தது.

திறந்து பார்க்க முயற்சி செய்யலையா?

செய்தார்கள். அதில்தான் நிறைய அழிந்தது.

முதலில் கத்தியால் வெட்டிப் பார்த்தார்கள். பிறகு வத்திக்கானிலிருந்து அந்தோனியோ பியாஜ்ஜியோ என்ற பாதிரியார் வந்தார். சுருளைத் தொங்கவிட்டு, பட்டு நூலைக் கட்டி, மெல்ல மெல்ல இழுத்துப் பிரிக்கும் ஒரு இயந்திரத்தைச் செய்தார். ஒரு சுருளைப் பிரிக்கவே ஆண்டுக்கணக்கில் ஆனது. சில சுருள்கள் ஓரளவு பிரிந்தன. பல துண்டு துண்டானது. 19-ம் நூற்றாண்டில் பிரபல வேதியியலாளர் ஹம்ப்ரி டேவியும் ரசாயன முறையில் முயன்று பார்த்தார். பெரிய பலன் இல்லை.

பிரித்த துண்டுகளிலும் ஒரு சிக்கல். தாளும் கருப்பு, மையும் கருப்பு. 1999-ல் அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகக் குழு அகச்சிவப்பு ஒளியில் இந்தத் துண்டுகளைப் படம் எடுக்க ஆரம்பித்தது. கண்ணுக்கு ஒரே கருப்பாகத் தெரிந்த இடத்தில் எழுத்துகள் பளிச்சென்று வந்தன. அகச்சிவப்பு ஒளியில் கருகிய தாள் கொஞ்சம் வெளிறித் தெரியும், மை கருப்பாகவே இருக்கும். அவ்வளவுதான் ரகசியம்.

சரி, அது திறந்த துண்டுகளுக்கு. திறக்காத நூற்றுக்கணக்கான சுருள்களை என்ன செய்வது? இனிமேல் ஒன்றையும் உடைக்கக் கூடாது என்பதில் ஆய்வாளர்கள் உறுதியாக இருந்தார்கள்.

மருத்துவமனையில் எடுக்கும் ஸ்கேன் போதாதா?

இங்கேதான் கென்டக்கி பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் பேராசிரியர் பிரென்ட் சீல்ஸ் வருகிறார். உடம்பைக் கிழிக்காமல் உள்ளே இருப்பதை சிடி ஸ்கேன் காட்டும். அதே மாதிரி சுருளையும் ஸ்கேன் செய்து, உள்ளே இருக்கும் தாளை கணினியிலேயே விரித்தால் என்ன என்று யோசித்தவர் அவர். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இதே வேலையாக இருக்கிறார்.

முதல் பெரிய வெற்றி இஸ்ரேலில் கிடைத்தது. என்-கெதி என்ற இடத்தில் ஒரு பழைய யூத வழிபாட்டுக்கூடத்தில் 1970-ல் கிடைத்த கருகிய சுருள். 2015-ல் அதன் ஸ்கேனை விரித்துப் பார்த்தபோது எபிரேய எழுத்துகள் தெரிந்தன. பைபிளின் லேவியராகமம் பகுதி அது. அந்தச் சுருளின் மையில் உலோகம் கலந்திருந்திருக்க வேண்டும். எக்ஸ்ரேயில் உலோகம் வெள்ளையாக மின்னும். அதனால் வேலை சுலபமானது.

ஹெர்குலேனியத்தில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. மை விளக்குப்புகைக் கரியால் செய்தது. தாளும் கரி. கரி மேல் கரி. எக்ஸ்ரேயைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். 2009-ல் பாரிஸில் இருக்கும் சுருள்களை ஸ்கேன் செய்தபோது உள் அடுக்குகள் தெரிந்தன, எழுத்து தெரியவில்லை.

2019-ல் சீல்ஸ் குழு இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு அருகே உள்ள 'டயமண்ட்' துகள் முடுக்கி மையத்துக்கு இரண்டு முழுச் சுருள்களையும் நான்கு துண்டுகளையும் கொண்டுபோனது. மருத்துவமனை ஸ்கேனைவிடப் பல மடங்கு சக்திவாய்ந்த எக்ஸ்ரே அங்கே கிடைக்கும். ஒவ்வொரு புள்ளியும் சுமார் 8 மைக்ரான். அதாவது உங்கள் தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு.

திறக்காமல் விரிப்பது எப்படி?

வேலை நான்கு படிகளாக நடக்கிறது.

1. ஸ்கேன்: சுருளைச் சுற்றிச் சுற்றி எக்ஸ்ரே எடுத்து, முப்பரிமாண உருவமாக மாற்றுகிறார்கள்.

2. அடுக்கைப் பிரிப்பது: சுருளைக் குறுக்காக வெட்டினால் வெங்காயம் மாதிரி வட்ட வட்டமாக அடுக்குகள் தெரியும். நசுங்கி, முறுக்கி, ஒன்றோடு ஒன்று ஒட்டிப்போன அடுக்குகள். ஒரே தாள் எந்த வழியாகப் போகிறது என்று ஒவ்வொரு சுற்றாகக் கணினியில் தடம் பிடிக்க வேண்டும். இதற்காகவே ஆட்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து கையால் கோடு போட்டார்கள். நான்கில் கஷ்டமான படி இதுதான்.

3. தட்டையாக்குவது: தடம் பிடித்த தாளை கணினியில் பாய் விரிப்பது மாதிரி விரிப்பார்கள்.

4. மையைக் கண்டுபிடிப்பது: விரித்த தாளில் எந்த இடத்தில் மை இருக்கிறது, எங்கே இல்லை என்று கண்டுபிடிப்பது. ஏஐ-யின் முக்கிய வேலை இங்கேதான்.

ஆனா ஒண்ணு. மையே தெரியலைன்னு சொன்னோமே, அப்புறம் ஏஐ மட்டும் எப்படிக் கண்டுபிடிக்கும்? மை தாளின் மேல் ஒரு மெல்லிய பூச்சாகக் கிடக்கிறது. அது இருக்கும் இடத்தில் தாளின் மேற்பரப்பு மிக மிகச் சிறிய அளவில் மாறியிருக்கும். மனிதக் கண் தவறவிடும் அந்த வித்தியாசத்தைப் பிடிக்க ஏஐ-க்குப் பயிற்சி கொடுக்கலாம். ஏற்கெனவே உடைந்து, அகச்சிவப்பு படத்தில் எழுத்து தெரிகிற துண்டுகள்தான் அதற்குப் பாடப்புத்தகம். "இதோ இங்கே மை இருக்கு, இங்கே இல்லை" என்று அந்தத் துண்டுகளை வைத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

21 வயது மாணவர் கண்டுபிடித்த முதல் சொல்

2023 மார்ச் மாதம் 'வெசூவியஸ் சேலஞ்ச்' என்ற போட்டி அறிவிக்கப்பட்டது. சீல்ஸுடன் தொழில்நுட்ப முதலீட்டாளர்கள் நாட் ஃப்ரீட்மேன், டேனியல் கிராஸ் இருவரும் சேர்ந்து நடத்திய போட்டி. ஸ்கேன் தரவை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் வீட்டில் உட்கார்ந்து முயன்று பார்க்கலாம்.

சில மாதங்களில் கேசி ஹாண்ட்மர் என்ற இயற்பியலாளர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். அவர் ஏஐ எதையும் பயன்படுத்தவில்லை. விரித்த படங்களை மணிக்கணக்கில் வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார். சில இடங்களில் காய்ந்த சேறு வெடித்த மாதிரி நுண்ணிய விரிசல்கள். அவை எழுத்து வடிவத்தில் இருந்தன. அதுதான் மை.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழக மாணவர் லூக் ஃபாரிட்டர், அப்போது வயது 21, அந்த விரிசல்களை வைத்து ஒரு ஏஐ மாடலுக்குப் பயிற்சி கொடுத்தார். மாடல் கண்டுபிடித்த எழுத்தையே மறுபடி பாடமாக்கி, இன்னும் கூர்மையாக்கினார். 2023 அக்டோபரில் முதல் முழுச் சொல் அறிவிக்கப்பட்டது. கிரேக்கத்தில் 'போர்ஃபிராஸ்'. ஊதா நிறத்தைக் குறிக்கும் சொல். ரோமானியர்களிடம் ஊதாச் சாயம் பணக்காரர்களின் அடையாளம். ஃபாரிட்டருக்கு 40,000 டாலர் பரிசு. பெர்லினில் ஆய்வு செய்துகொண்டிருந்த எகிப்து மாணவர் யூசுஃப் நாதர், தனியாக வேறு முறையில் அதே சொல்லைக் கண்டுபிடித்திருந்தார்.

2024 பிப்ரவரியில் ஃபாரிட்டர், நாதர், சுவிட்சர்லாந்தில் படித்த ஜூலியன் ஷில்லிகர் மூவரும் சேர்ந்த அணிக்கு 7 லட்சம் டாலர் முதல் பரிசு கிடைத்தது. 15 பத்திகள், 2,000-க்கும் அதிகமான எழுத்துகள் தெரிந்தன. இது மொத்தச் சுருளில் வெறும் 5 சதவீதம்தான்.

அப்படி என்னதான் எழுதியிருந்தது?

இன்பம் பற்றிய தத்துவ நூல். எபிகூரஸ் என்ற கிரேக்கச் சிந்தனையாளரின் வழியில் வந்த ஒருவர் எழுதியது. இசை, உணவு பற்றியெல்லாம் பேசுகிறார். அரிதாகக் கிடைக்கும் பொருள்தான் அதிக இன்பம் தருமா, தாராளமாகக் கிடைப்பது தராதா என்று கேட்டு, அப்படி உடனே முடிவுக்கு வந்துவிடக் கூடாது என்கிறார். அந்த மாளிகையில் கிடைத்த நூல்களில் நிறைய எழுதியவர் ஃபிலோடெமஸ் என்ற தத்துவவாதி. இதுவும் அவருடையதாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

அடுத்து ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கும் 172 என்ற எண் கொண்ட சுருள். 2025-ல் அதன் தலைப்பே தெரிந்தது. ஃபிலோடெமஸ் எழுதிய 'தீய குணங்கள் பற்றி' என்ற நூல். திறக்காத ஒரு ஹெர்குலேனியம் சுருளின் பெயரும் ஆசிரியரும் இப்படித் தெரியவந்தது அதுதான் முதல் முறை.

ஏஐ கற்பனை பண்ணி எழுதலைன்னு எப்படித் தெரியும்?

நியாயமான கேள்வி. சாட்பாட் சில நேரம் இல்லாத ஒன்றை இருப்பதாக அடித்துச் சொல்வதை நாமே பார்த்திருக்கிறோம். 2,000 ஆண்டு பழைய நூலில் அப்படி நடந்தால்? யாரும் எழுதாத ஒரு வரியை வரலாறு என்று நம்பிவிடுவோம்.

அதற்காகத்தான் இந்த மாடல்களுக்கு கிரேக்க மொழியே சொல்லிக் கொடுக்கவில்லை. அகராதி கிடையாது, இலக்கணம் கிடையாது. அதற்கு முன்னால் ஒரு எழுத்தைவிடச் சிறிய சதுரத் துண்டு வைக்கப்படும். "இங்கே மை இருக்கா, இல்லையா?" இது ஒன்றுதான் கேள்வி. லட்சக்கணக்கான துண்டுகளுக்குத் தனித்தனியாக பதில் சொல்லி, எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டும்போது அதில் கிரேக்க எழுத்து தெரிந்தால், அது சுருளிலிருந்து வந்ததாகத்தான் இருக்க முடியும். மாடலுக்குத்தான் அந்த மொழியே தெரியாதே.

இன்னொரு சோதனையும் உண்டு. வேறு வேறு அணிகள் தனித்தனி மாடல்களை வைத்து அதே இடத்தைப் பார்த்தபோது அதே எழுத்துகள் வந்தன. பிறகு படங்கள் பாப்பிரஸ் நிபுணர்களிடம் போயின. அவர்கள்தான் எது என்ன எழுத்து, எங்கே சொல் முடிகிறது, உடைந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று முடிவு செய்தார்கள். சந்தேகமான எழுத்தை சந்தேகம் என்றே குறித்தார்கள்.

ஊகம் சொல்லும் ஏஐ-யும் இருக்கு

இன்னொரு வகைக் கருவி இதற்கு நேர் எதிர். 2022-ல் கூகுளின் டீப்மைண்ட் நிறுவனமும் வரலாற்று ஆய்வாளர்களும் சேர்ந்து 'இத்தாகா' என்ற மாடலை வெளியிட்டார்கள். உடைந்த கிரேக்கக் கல்வெட்டுகளில் காணாமல் போன எழுத்துகள் என்னவாக இருக்கும் என்று ஊகித்துச் சொல்லும். ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளைப் படித்துப் பழகிய மாடல் இது.

சோதனையில் கிடைத்த எண்கள் கவனிக்க வேண்டியவை. வரலாற்று ஆய்வாளர்கள் தனியாக முயன்றபோது 25 சதவீதம் சரியாக வந்தது. மாடல் தனியாக 62 சதவீதம். இருவரும் சேர்ந்தபோது 72 சதவீதம்.

ஆக, இரண்டு வகை. ஒன்று, இருப்பதைக் காட்டும் ஏஐ. இன்னொன்று, இல்லாததை ஊகிக்கும் ஏஐ. இரண்டும் பயனுள்ளவைதான். ஆனால் முன்னதை சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம், பின்னதை ஆலோசனையாக மட்டும்தான் எடுத்துக்கொள்ள முடியும். இதைக் குழப்பினால்தான் ஆபத்து.

வேறு எங்கெல்லாம் நடக்குது?

* ஆர்க்கிமிடீஸ் ஏடு: 10-ம் நூற்றாண்டில் பிரதி எடுக்கப்பட்ட ஆர்க்கிமிடீஸின் நூல்களை 13-ம் நூற்றாண்டில் சுரண்டி அழித்து, அதே தோல் தாளில் பிரார்த்தனைப் புத்தகம் எழுதிவிட்டார்கள். அமெரிக்காவின் பால்டிமோரில் பல நிற ஒளிகளில் படம் எடுத்தும், ஸ்டான்ஃபோர்டில் எக்ஸ்ரே பாய்ச்சி மையின் இரும்பைத் தேடியும், அழித்த எழுத்தை மீட்டார்கள்.

* சாக்கடல் சுருள்: புகழ்பெற்ற ஏசாயா சுருள் ஒரே கையெழுத்து மாதிரிதான் தெரியும். நெதர்லாந்தின் க்ரோனிங்கன் பல்கலைக்கழகம் ஒவ்வொரு எழுத்தின் வடிவத்தையும் கணினியில் அளந்து, எழுதியது இரண்டு பேராக இருக்க வேண்டும் என்று 2021-ல் சொன்னது.

சரி, நம்ம ஓலைச்சுவடிக்கு இது உதவுமா?

உதவும். ஆனால் நம்ம சிக்கல் வேறு மாதிரி. ஹெர்குலேனியம் சுருளைத் திறக்க முடியாது. ஓலைச்சுவடியைக் கயிற்றை அவிழ்த்தால் திறந்துவிடலாம். திறந்த பிறகுதான் கஷ்டம்.

ஓலையில் எழுத்தாணியால் கீறித்தான் எழுதுவார்கள். பிறகு கரி போன்றவற்றைத் தடவித் துடைத்தால், கீறலில் மட்டும் கருப்பு தங்கி எழுத்து தெரியும். காலப்போக்கில் அந்தக் கருப்பு போய்விடும். ஓலையும் கருத்துவிடும். இந்த மாதிரி ஏடுகளில் பக்கவாட்டிலிருந்து சாய்வாக வெளிச்சம் அடித்துப் படம் எடுத்தால் கீறலின் நிழல் விழுந்து எழுத்து தெரியும். பல கோணங்களில் வெளிச்சம் கொடுத்து எடுத்த படங்களை கணினியில் சேர்த்தால் இன்னும் தெளிவாகும்.

அடுத்தது எழுத்து. சுவடியில் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள். ஓலை கிழிந்துவிடும் என்பது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. எகர, ஒகரத்தில் குறிலுக்கும் நெடிலுக்கும் வித்தியாசம் இருக்காது. 'கொடை' என்று எழுதியிருந்தால் அது கொடையா, கோடையா? இடம் பார்த்துத்தான் சொல்ல முடியும். காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. செய்யுளையும் உரையையும் அடி பிரிக்காமல் தொடர்ந்து எழுதியிருப்பார்கள்.

உ.வே.சாமிநாதையர் 1880-ல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்த பிறகு சீவக சிந்தாமணியைத் தேட ஆரம்பித்தார். நூல் அச்சானது 1887-ல். இடைப்பட்ட ஏழு ஆண்டில் அவர் செய்த வேலை என்ன? ஊர் ஊராகப் போய் பல பிரதிகளைச் சேர்த்து, ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டு, எந்தப் பிரதியில் எந்தச் சொல் இருக்கிறது என்று பார்த்ததுதான். ஒரே பாட்டுக்குப் பல சுவடிகளில் பல விதமான சொற்கள் இருக்கும். இதைப் பாடபேதம் என்பார்கள்.

இந்த ஒப்பிடும் வேலையை கணினி இன்று வேகமாகச் செய்யும். பாரிஸ், லண்டன், சென்னை என மூன்று இடத்தில் இருக்கும் ஏடுகளை ஒரே திரையில் பக்கத்துப் பக்கத்தில் வைக்கலாம். எங்கே சொல் மாறுகிறது என்று சாஃப்ட்வேர் வண்ணம் போட்டுக் காட்டும்.

படம் எடுத்துட்டா வேலை முடிஞ்சுதா?

இல்லை. படம் எடுப்பது முதல் படிதான்.

மத்திய அரசு 2003-ல் தேசிய சுவடிகள் இயக்கத்தைத் தொடங்கியது. 2025 பட்ஜெட்டில் 'ஞான பாரதம்' இயக்கம் அறிவிக்கப்பட்டது. ஒரு கோடிக்கும் அதிகமான சுவடிகளைக் கணக்கெடுத்து, ஆவணப்படுத்திப் பாதுகாப்பது அதன் இலக்கு. சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், உ.வே.சா. நூலகம், தஞ்சையில் சரஸ்வதி மகால் என தமிழ்நாட்டிலேயே பெரிய சேகரிப்புகள் இருக்கின்றன. புதுச்சேரியில் உள்ள சைவ சமயச் சுவடிகள் 2005-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பட்டியலில் சேர்ந்தன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் சுவடிப் படங்களை நீங்களே போனில் பார்க்கலாம்.

ஆனால் அந்தப் படத்தைத் திறந்தால் எத்தனை பேரால் படிக்க முடியும்? சுவடி எழுத்தைச் சரளமாகப் படிப்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். படிக்கப்படாத படம், மூடிய சுருள் மாதிரிதான்.

கையெழுத்தைப் படிக்கும் ஏஐ கருவிகள் இருக்கின்றன. 'டிரான்ஸ்கிரிபஸ்', 'ஈஸ்கிரிப்டோரியம்' போன்றவற்றை உலகம் முழுக்க ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அவற்றுக்கும் பாடம் வேண்டும். ஒருவர் உட்கார்ந்து சுவடியை வரி வரியாகப் பிழையில்லாமல் படித்து, தட்டச்சு செய்து கொடுத்தால்தான் மாடல் பழகும். பாடம் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லையென்றால் ஏஐ-யும் படிக்காது.

இதைவிட நுட்பமான ஆபத்து ஒன்று இருக்கிறது. இன்றைய தமிழில் பழகிய மாடலிடம் பழைய ஏட்டைக் கொடுத்தால், தனக்குத் தெரியாத பழஞ்சொல்லைத் தெரிந்த புதுச்சொல்லாக 'திருத்தி'விடும். போன் கீபோர்டு நாம் டைப் செய்ததை மாற்றுவது மாதிரி. அந்தக் காலத்து ஏடெழுதுபவர்களும் இதே தவறைச் செய்திருக்கிறார்கள். புரியாத சொல்லைப் புரிந்த சொல்லாக மாற்றி எழுதியதால்தான் பல பாடபேதங்கள் வந்தன. அவர்கள் ஒரு பிரதியில் செய்ததை, கணினி ஒரே நாளில் ஆயிரம் பிரதியில் செய்துவிடும். வெசூவியஸ் குழு மாடலை மொழி தெரியாததாக வைத்ததற்குக் காரணம் இப்போது புரிகிறதா?

எரிந்த பிறகு ஸ்கேன் செய்ய முடியாது

1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் தீ வைத்து எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றில் ஓலைச்சுவடிகளும் இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லாதவையும் அதில் போயின. அது காற்றோட்டமான தீ. சாம்பல்தான் மிஞ்சும். சாம்பலிலிருந்து எழுத்தை எந்த எக்ஸ்ரேயாலும் எடுக்க முடியாது. ஹெர்குலேனியம் மாதிரி கரியாகி நிற்பது உலகத்தில் எப்போதாவது நடக்கும் தற்செயல்.

ஏட்டுக்குத் தீ மட்டும் எதிரி இல்லை. நம்ம வெயிலிலும் ஈரத்திலும் பூச்சியிலும் ஓலை பொதுவாக சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்காது. அதனால்தான் நம் முன்னோர் தலைமுறைக்குத் தலைமுறை பிரதி எடுத்தார்கள். அச்சு வந்த பிறகு அந்தப் பழக்கம் நின்றுபோனது. இப்போது கையில் இருப்பவற்றில் பல, அந்த வரிசையின் கடைசிப் பிரதிகள்.

உங்க வீட்டில் பழைய சுவடி இருந்தா என்ன செய்யணும்?

* ஆற்றில் விடாதீங்க, பழைய பொருள் கடைக்குப் போடாதீங்க. வைத்தியம், ஜாதகம், கணக்கு எதுவாக இருந்தாலும் ஆய்வாளர்களுக்குப் பயன்படும்.

* நீங்களாக எண்ணெய் தடவாதீங்க. லேமினேஷன், செல்லோடேப் கூடவே கூடாது. பாதுகாக்கும் முறை தெரிந்தவர்கள் செய்யட்டும்.

* ஏடுகளின் வரிசையை மாற்றாதீங்க. கயிறு அறுந்திருந்தால், இருக்கும் வரிசையிலேயே சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, ஈரமில்லாத இடத்தில் வையுங்க.

* போனில் படம் எடுங்க. ஃப்ளாஷ் போடாமல், பக்கவாட்டு வெளிச்சத்தில், ஒவ்வொரு ஏட்டின் இரண்டு பக்கமும், வரிசையாக. பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்தால் அளவும் தெரியும்.

* யாருடைய சுவடி, எந்த ஊர், எப்படி வந்தது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்க. இந்த விவரத்தை எந்த ஸ்கேனராலும் எடுக்க முடியாது.

* பிறகு அரசு சுவடி நூலகத்தையோ பல்கலைக்கழகச் சுவடித் துறையையோ அணுகுங்க. சுவடியைக் கொடுக்க மனமில்லை என்றால், படம் எடுக்க மட்டும் அனுமதிக்க முடியுமா என்று பேசிப் பார்க்கலாம்.

இனி என்ன?

ஹெர்குலேனியம் சுருள்களில் இன்னும் நூற்றுக்கணக்கானவை மூடியே இருக்கின்றன. ஸ்கேன் செய்த நான்கு சுருள்களின் 90 சதவீதத்தைப் படிப்பது என்று 2024-க்கு இலக்கு வைத்தார்கள். அந்த ஆண்டு அதை எட்ட முடியவில்லை. மையைக் கண்டுபிடிப்பதைவிட அடுக்குகளைப் பிரிப்பதுதான் இப்போதைய முட்டுக்கட்டை. ஸ்கேன் தரம் கூடக்கூட அதுவும் குறையலாம்.

அந்தப் பக்கம் கருவிகள் வேகமாக வளர்கின்றன. அவை காட்டும் எழுத்தைப் படிக்கப் பண்டைய கிரேக்கம் படித்தவர்கள் காத்திருக்கிறார்கள். நம்ம பக்கம் ஏடுகள் திறந்தே இருக்கின்றன, படங்களும் சேர்ந்துகொண்டிருக்கின்றன. சுவடி வாசிப்புப் பயிற்சி வகுப்புகள் சில நிறுவனங்களில் நடக்கின்றன. தமிழ் தெரிந்த ஒருவர் தொடர்ந்து பழகினால் சுவடி எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ள முடியும். அப்படிக் கற்றுக்கொண்டு ஒருவர் பிழையில்லாமல் படித்துக் கொடுக்கும் ஒவ்வொரு ஏடும், நாளைக்குத் தமிழ்ச் சுவடிகளைப் படிக்கப்போகும் கணினிக்கு ஒரு பாடம்.